பதினோரு வரி

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சிவசண்முகத்தை அவன் தெருக்காரர்களுக்குத் தெரியும். அதைத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகப் பொறுப்பாளர் வேலை. பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதும், நெட் வரவில்லை என்று கூப்பிடும் வகுப்புக்கு ஓடுவதுமாகப் பகல் போய்விடும். ஆனால் போலந்திலும் பிரேசிலிலும் தைவானிலுமாக ஐம்பது அறுபது பேருக்கு அவன் பெயர் நன்றாகத் தெரியும். அவர்களுக்காகத்தான் அவன் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்தான்.

சட்டைப்பையில் வைத்துப் பாட்டுக் கேட்கிற சின்னக் கருவிகள் ஒரு காலத்தில் வந்தன அல்லவா, அவற்றை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். செய்து விற்ற கம்பெனிகள் கைவிட்டுவிட்டன. அதனால் அந்தக் கருவிகளை உள்ளேயிருந்து இயக்கும் மென்பொருளைத் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து புதிதாக எழுதினார்கள். 'லைரா' என்று பெயர். காசு கிடையாது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம். பொறுப்பில் இருப்பவர்கள் பார்த்து, சரியென்றால் சேர்த்துக்கொள்வார்கள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் சிவசண்முகம் பழைய கருவி ஒன்றை வாங்கி அதில் லைராவைப் போட்டான். தமிழ்ப் பாட்டின் பெயரெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. ஆறு மாதம் உட்கார்ந்து அதைச் சரிசெய்து அனுப்பினான். அன்றிலிருந்து தமிழ் சம்பந்தப்பட்ட எதுவானாலும் அவன் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகும். திட்டத்தின் தலைமையில் இருந்த போலந்துக்காரப் பெண்மணி மார்த்தா அவனை 'எங்கள் திருநெல்வேலிக்காரர்' என்று எழுதுவாள். பங்களித்தவர்கள் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து ஒரே ஒரு பெயர் இருந்தது. கல்லூரி முதல்வர் யாரையாவது முன்னால் வைத்துக்கொண்டு அவனைக் கடிந்துகொள்ளும் நாட்களில், சிவசண்முகம் ஆய்வகத்துக்கு வந்து அந்தப் பட்டியலைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொள்வான்.

அந்தப் பெருமையில் ஒரு முள் இருந்தது. இரண்டு வருடமாக அவனால் பிடிக்க முடியாத ஒரு பிழை. சில தமிழ்ப் பெயர்களை மட்டும் கருவி பட்டியலில் காட்டும்; அழுத்தினால் 'கோப்பு இல்லை' என்று சொல்லும். எல்லாத் தமிழ்ப் பெயரும் அல்ல, சில. ஒருவருக்கு வரும், இன்னொருவருக்கு வராது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தான். நினைவகக் கணக்கைப் பார்த்தான். மூன்று முறை 'மெமரி கார்டில் கோளாறு' என்று எழுதிப் புகாரை மூடினான். மூன்று முறையும் யாரோ மறுபடி திறந்தார்கள்.

மார்ச் மாதம் ஒரு காலையில் அந்தப் பக்கத்தில் புதிய பெயரில் ஒரு பதிவு கிடந்தது. 'ஸமீஹா-ஏரல்.'

'இது கார்டின் கோளாறு அல்ல. "கொ" என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக ஒரு விதம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக ஒரு விதம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். லைரா பட்டியலில் ஒரு விதமாகக் குறித்துக்கொண்டு, கார்டில் இன்னொரு விதமாகத் தேடுகிறது. ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் போதும். திருத்தம் இணைப்பில்.'

திருத்தம் பதினோரு வரி. அவன் படித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. சரிதான் என்று முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. கொண்டை, கோபுரம், சோலை என்று பெயர்கள் மனதில் ஓடின. எல்லாப் புகாரிலும் அந்தக் கொம்பும் காலும் இருந்தன. இரண்டு வருடம் அவன் கண் முன்னாலேயே இருந்திருக்கின்றன.

மனதில் ஒரு புளிப்பு ஏறியது. அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால்கூட அவனுக்கு அப்படி இருந்திருக்காது. ஏரல்! திருச்செந்தூர் ரோட்டில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். மார்த்தா கீழே எழுதியிருந்தாள்: 'அருமை! ஏரல் என்பது ஊரா? சிவா, உங்களுக்குப் பக்கமா?'

அவன் அதற்குப் பதில் எழுதவில்லை. ஸமீஹாவுக்கு எழுதினான். வரிகளுக்கு முன்னால் விடும் இடைவெளி திட்டத்தின் வழக்கப்படி இல்லை, சரிசெய்யவும்.

அன்று மத்தியானமே சரிசெய்து அனுப்பினாள். அடுத்த வாரம், விளக்கக் குறிப்பு போதாது என்றான். சாயங்காலத்துக்குள் எழுதியிருந்தாள். பிறகு நான்கு வகைக் கருவிகளில் சோதித்துப் பார்த்த விவரம் வேண்டும் என்று கேட்டான். அவளிடம் ஒரு கருவிதான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். பலரிடமும் ஒன்றுதான் இருக்கும். பத்து நாள் அவளிடமிருந்து சத்தமில்லை. அந்தப் பத்து நாளும் அவன் நன்றாகச் சாப்பிட்டான். பதினோராம் நாள், பிரேசில்காரர் இருவரிடமும் தைவான்காரர் ஒருவரிடமும் கேட்டுச் சோதிக்கச் சொல்லி, விவரத்தைப் பத்தி பிரித்து அனுப்பியிருந்தாள்.

ஏழு வாரம் இப்படிப் போனது. மார்த்தா கேட்டாள்: 'நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் இன்னும் நிற்கிறது?'

'இதைவிடச் சிறந்த வழி ஒன்று இருக்கிறது. நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் போட்டான். போட்ட பிறகுதான் அந்த வழி என்னவென்று யோசிக்க ஆரம்பித்தான்.

அவளுடைய பதினோரு வரியை அப்படியே எடுத்தால் திருட்டு. வேறு மாதிரி இருக்க வேண்டும். அதனால், பெயர்களை ஒப்பிடுகிற இடத்தை விட்டுவிட்டு, கார்டைச் செருகியதும் அதிலிருக்கும் கோப்புகளின் பெயர்களையே ஒரே விதமாக மாற்றி எழுதும்படி செய்தான். நாற்பத்தாறு வரி வந்தது. தன் கார்டில் போட்டுப் பார்த்தான். பாட்டெல்லாம் பாடின. கீழே 'ஸமீஹாவின் யோசனைக்கு நன்றி' என்று தட்டினான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழித்துவிட்டு, தன் பெயரில் சேர்த்துவிட்டுக் குளிக்கப் போனான்.

ஸமீஹாவின் திருத்தம் 'தேவையில்லை' என்ற குறிப்போடு மூடப்பட்டது. அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை. மார்த்தா மட்டும் பாராட்டியிருந்தாள். அதை அவன் இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தான். மூன்றாம் நாள் அது சப்பென்று ஆகிவிட்டது.

புதிய பதிப்பு வெளியாகி மூன்று வாரத்தில் புகார் வந்தது. எழுதியவர் 'ஸமீஹா-ஏரல்'.

'புதிய பதிப்பு என் கார்டிலிருந்த கோப்புகளின் பெயரை மாற்றிவிட்டது. நான் தேர்வுக்குப் படிக்கும் ஒலிப்பாடங்களில் திரும்பக் கேட்பதற்காக 214 இடங்களில் அடையாளம் வைத்திருந்தேன். அடையாளங்கள் பழைய பெயரோடு சேமிக்கப்பட்டவை. இப்போது ஒன்றுகூட இல்லை. குரூப் 2 தேர்வுக்கு இருபது நாள் இருக்கிறது.'

சிவசண்முகம் பாட்டு மட்டும் கேட்பவன். அவன் கார்டில் ஓர் அடையாளம்கூட இருந்ததில்லை. அதனால் சோதனையில் அவனுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அவள் எழுதிய வழியில் விட்டிருந்தால் ஒரு கோப்பின் பெயரும் மாறியிருக்காது.

அன்று காலை அவன் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தான். மனைவி பொன்செல்வி எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தையல் வேலை. அளவெடுக்கும் நாடா கழுத்தில் கிடந்தது.

"ஏங்க, யாரு அந்த ஸமீஹா?"

அவன் நிமிர்ந்தான்.

"ரெண்டு மூணு மாசமா அந்தப் பேரத்தான் தெறந்து வச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு இருக்கிய. நான் காப்பி கொண்டு வந்தா மூடுதிய. எனக்கு இங்கிலீஷ் வராதுன்னாலும் பேரு வாசிக்கத் தெரியும்."

"நீ நெனைக்க மாதிரி இல்ல பொன்னு."

"நான் என்ன நெனைக்கேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? ஏரலாமே. பக்கந்தான். போயும் பாத்தாச்சா?" அவள் குரல் உடைந்தது. கண்ணில் நீர் இல்லை. ஆனால் நாடாவை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பதினோரு வரி, இடைவெளி, நான்கு கருவி, அழித்த நன்றி, கடைசியில் 214 அடையாளம். சொல்லச் சொல்ல அவள் கை நாடாவை விட்டது.

"அப்போ ஒங்களுக்கு அந்தப் பிள்ள மேல ஆசையில்ல. பொறாமை."

"ஆமா."

"இதுக்கு அதே தேவலாம் போல இருக்கே!" என்றாள் பொன்செல்வி. சிரிப்பும் வந்தது அவளுக்கு, கோபமும் வந்தது. "ஒரு பிள்ள பரீட்சைக்குப் படிக்கதப் போயி கெடுத்து வச்சிருக்கிய. போன் பண்ணுங்க. இப்பவே."

அடையாளங்கள் முழுசாக அழியவில்லை என்பது அவனுக்குத் தெரியும். கார்டில் எங்கோ பழைய பெயரில் அநாதையாகக் கிடக்கும். ஆனால் கருவி தினம் ஒருமுறை அப்படிச் சொந்தக்காரன் இல்லாததையெல்லாம் பெருக்கித் தள்ளும். அவன் தனிச்செய்தியில் எண் கேட்டான். பத்து நிமிடத்தில் வந்தது.

"ஸமீஹாங்களா? நான் சிவசண்முகம், திருநெல்வேலி..."

"தெரியும் சார்."

"அந்தக் கருவிய இனி ஆன் பண்ணாதீங்க. அடையாளத்த மீட்டுரலாம். நான் ஒரு நிரல் அனுப்புதேன், அத உங்க லேப்டாப்புல..."

"மொதல் நாளே ஆஃப் பண்ணி வச்சாச்சு. நீங்க எழுதுனது எதையும் இனிமே என் கார்டுல ஓட விடமாட்டேன். மீட்டுத் தரணும்னா இங்கன வந்து, ஒவ்வொண்ணா எனக்குச் சொல்லிச் சொல்லிச் செய்ங்க."

ஞாயிற்றுக்கிழமை போவதென்று ஆயிற்று. பொன்செல்வி தானும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள். "நம்புதேன். ஆனாலும் வாரேன்" என்றாள்.

பஸ் ஸ்ரீவைகுண்டம் தாண்டியது. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். ஏரல் பஸ் நிறுத்தத்தில் ஸமீஹாவின் அண்ணன் ரசீத் பைக்கோடு நின்றான். பாத்திரக் கடை வைத்திருப்பவன். "வாங்க அண்ணாச்சி, நாலு வீடு தள்ளித்தான். பைய நடந்தே போயிரலாம்" என்று பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்தான். தங்கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வீட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடாக நின்றது. அதற்கு மேல் மட்டும் வெள்ளையடித்திருந்தார்கள். ரசீதின் உம்மா ஜனாபா, "வாம்மா, வாங்க" என்று பொன்செல்வியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கூடத்தில் மேசைக்கு முன்னால் இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு காதில் இயர்போன். முன்னால் லேப்டாப். அதன் திரை முழுக்க இருண்டிருந்தது. விரல்கள் மட்டும் விசைகளில் ஓடின. காலடிச் சத்தம் கேட்டு அவள் முகத்தைத் திருப்பினாள். கண்கள் அவனுக்கு ஒரு சாண் பக்கவாட்டில் நின்றன.

"உக்காருங்க சார். நாற்காலி உங்க வலது கைப் பக்கம்."

சிவசண்முகம் உட்கார்ந்தான். ஏழு வாரம் இடைவெளியும் புள்ளியும் பார்த்து எழுதியது நினைவுக்கு வந்தது. அத்தனையையும் அவள் காதால் கேட்டு ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறாள்.

"எழுத்த வாசிச்சுக் காட்டுற மென்பொருள் இருக்குல்லா சார்" என்றாள் அவள், அவன் கேட்காமலே. "உங்க கண்ணுக்கு ரெண்டு 'கொ'வும் ஒண்ணு. எனக்கு எழுத்தெழுத்தாக் கேக்கும்போது ஒண்ணுல குறி ஒண்ணு வரும், இன்னொண்ணுல ரெண்டு வரும். அப்படித்தான் புடிச்சேன்."

அந்த இடத்தில் சிவசண்முகத்தின் மனம் ஒரு காரியம் செய்தது. அதை அவன் பிறகு யாரிடமும் சொன்னதில்லை, பொன்செல்வியைத் தவிர. அவன் மனம் நிம்மதியடைந்தது. 'அதுதானே! என்னைவிடக் கெட்டிக்காரி என்பதால் இல்லை. அவளுக்குக் கேட்கிற வழி ஒன்று இருந்தது, எனக்கு இல்லை.' ஏழு வாரத்துப் புளிப்பு ஒரு நொடியில் இறங்கியது.

"அப்போ கேட்ட ஒடனே தெரிஞ்சிருக்கும்" என்றான்.

"பெயர் ரெண்டு விதம்னு தெரிஞ்சுது. எங்க தப்புதுன்னு யாரு சொல்லுவா? நாலு மாசம் ஆச்சு. லைரா நிரல் முழுக்க ஒரு தடவ கேட்டேன். அத எழுதியிருக்கிற சி மொழியே அதுக்காகத்தான் படிச்சேன்."

இறங்கியது அப்படியே திரும்ப ஏறியது. ஆனால் இந்த முறை கூடவே வெட்கமும் ஏறியது. அவன் பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்தான்.

மூன்று மணி நேரம் வேலை. ஒவ்வொரு கோப்பின் பழைய பெயரையும் புதிய பெயரையும் அவன் சொல்ல, அவள் தன் இயர்போனில் சரிபார்த்து "ம்" என்றால் அடுத்தது. அவள் மென்பொருள் பேசிய வேகத்தில் அது அவனுக்கு வண்டு ரீங்காரம் போலத்தான் கேட்டது. உள்ளே பொன்செல்வியும் ஜனாபாவும் பேசுகிற சத்தம் வந்தது. ரசீத் இரண்டு தடவை டீ கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான். 214இல் 205 கிடைத்தன. ஒன்பது கிடைக்கவில்லை. புதிய பதிப்பைப் போட்ட அன்று, அவள் அணைப்பதற்குள் கருவி பெருக்கித் தள்ளியவை.

"அரசியலமைப்புப் பாடம் ஒம்பது" என்றாள் ஸமீஹா. "மறுபடியும் கேக்கணும். ஒண்ணு ஒண்ணும் ஒண்ணே கால் மணி நேரம்."

"மன்னிச்சிருங்க."

"அது இருக்கட்டும் சார். ஏன் மாத்துனீங்க? என் வழில என்ன தப்பு?"

அவன் பொய் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தான். வேகம், நினைவகம் என்று இரண்டு காரணம் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்தபோது அவை வாயில் வரவில்லை.

"ஒரு தப்பும் இல்ல. ரெண்டு வருசம் நான் தேடுனேன். ஏரல்ல இருந்து ஒருத்தி வந்து பதினோரு வரியில முடிச்சிட்டா. பொறுக்கல. உங்க வரிய அப்படியே போட்டா அது உங்களுது. என்னுதா இருக்கணும்னுதான் மாத்துனேன்."

ஸமீஹா இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நான் எழுதுனது மோசம்னு நெனச்சேன் சார். ஏழு வாரம். ஒவ்வொரு தடவ நீங்க திருப்பி அனுப்பும்போதும், எனக்குத் தெரியாதது ஏதோ அதுல இருக்கு, பாக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியுதுன்னு நெனச்சேன். நீங்க மூடின அன்னிக்கு சி புத்தகத்தோட ஒலிப்பதிவ எல்லாம் அழிச்சிட்டேன்." அவள் குரல் ஏறவில்லை. "இத நீங்க எங்கிட்டச் சொன்னாப் போதாது. எல்லாரும் படிக்கிற எடத்துல எழுதுங்க. நான் கேக்கேன்."

அவன் அங்கேயே உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினான். சரியாக இருந்த ஒரு திருத்தத்தை ஏழு வாரம் காரணமில்லாமல் நிறுத்தினேன். அதை என்னுடையதாக்க மாற்றினேன். அந்த மாற்றம்தான் பயனர்களின் அடையாளங்களை அழித்தது. என் நாற்பத்தாறு வரியை நீக்குகிறேன். ஸமீஹாவின் பதினோரு வரியை அவர் பெயரில் சேர்க்கிறேன். எழுதி முடித்ததும் அவள் தன் கணினியில் அதை இரண்டு முறை கேட்டாள். "'காரணமில்லாமல்'னு இருக்கே. காரணம் இருந்துச்சுல்லா?" என்றாள். அவன் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு 'பொறாமையால்' என்று போட்டான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் அவனுக்கு இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது.

திரும்பும் பஸ் கருங்குளம் வந்தபோது மார்த்தாவின் பதில் வந்தது. ஒரு வருடத்துக்கு அவன் எதையும் நேரடியாகச் சேர்க்க முடியாது. யாராவது பார்த்து ஒப்புக்கொண்டால்தான். தமிழ்ப் பகுதியை ஸமீஹா ஏற்க முடியுமா என்று அவளிடம் கேட்டிருக்கிறாள். 'எங்கள் திருநெல்வேலிக்காரர்' என்பது அந்தக் கடிதத்தில் இல்லை. அவன் போனைப் பொன்செல்வியிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னான்.

"ஞாயந்தான்" என்றாள் அவள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அவங்க உம்மாவுக்கு ரெண்டு ஜாக்கெட் தைச்சுத் தாரேன்னு சொல்லியிருக்கேன்."

ஸமீஹா முதல்நிலைத் தேர்வில் தேறினாள். தேர்வு முடிந்த மறுநாளே தமிழ்ப் பகுதியை ஏற்றுக்கொண்டாள். சிவசண்முகம் ஒரு மாதம் எதுவும் எழுதவில்லை. பிறகு பழக்கம் விடவில்லை; ஒரு சின்னத் திருத்தத்தை அனுப்பினான். தன்னை அலைக்கழிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், நல்ல கேள்வி. பதில் சொன்னதும் ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிட்டாள். அவ்வளவு சுத்தமாக அவள் நடந்துகொண்டது அவனுக்குத் திட்டு வாங்கியதைவிடக் குத்தியது.

பொறாமை போய்விட்டதா என்று பொன்செல்வி அவ்வப்போது கேட்பாள். "கொறஞ்சிருக்கு" என்பான். அது உண்மையில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, சாரலோடு காற்று அடித்துக்கொண்டிருந்த காலையில் ஸமீஹா போன் செய்தாள்.

"சார், பழைய மாடல்ல பேட்டரி பாதி இருக்கும்போதே தீந்துட்டுன்னு காட்டுதாம். மார்த்தா யாராவது பாருங்கன்னு எழுதியிருக்காங்க. நீங்க பாக்குறீங்களா? இல்லன்னா நான் எடுத்துக்கிடவா?"

அவன் அந்தப் புகாரைப் படித்திருக்கவே இல்லை.

"நான்தான் பாக்குதேன். பாதி முடிச்சாச்சு" என்றான்.

மறுமுனையில் ஸமீஹா சிரித்தாள். "சரி சார். திங்கக்கிழமை வர டைம். அப்புறம் நான் எறங்கிருவேன்."

போனை வைத்ததும் சிவசண்முகம் லேப்டாப்பைத் திறந்தான். பொன்செல்வி காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. முதல் வரியைத் தட்ட ஆரம்பித்திருந்தான்.